ஜெயித்தவர் ஏன் அழுகிறார்?

“தூங்குறாருய்யா!” என்றார் உக்கிரபாண்டி.

ஜெயபாண்டி மவுஸை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தான். திரையில் அவனுடைய பச்சை டாங்கி குளத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது. எதிராளியின் சிவப்பு டாங்கி கரையில் நின்று அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. கீழே அரட்டைக் கட்டத்தில் எதிராளி அனுப்பிய ஒரே வரி:

zzzzzz

“இசட்டு இசட்டா வந்தா குறட்டைனு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கார்ட்டூன்ல பாத்ததில்லையா நீ? அம்புட்டுப் பெரிய மனுசன் நம்மகூட ஆட வந்து தூங்கிட்டாருன்னா நம்ம மரியாதை என்னத்துக்கு ஆகும்?”

“நான் வேணும்னு குளத்துல விழுகல சேர்மன்.”

போன வருஷம் வரை உக்கிரபாண்டி எல்லோருக்கும் ‘அண்ணே’தான். கப்பலூர் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் பட்டறையின் முதலாளி. சிறுதொழில் சங்கத்தோடு கொரியாவுக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்றிலிருந்து அவர் சேர்மன். கும்பிடு போடுவதை விட்டுவிட்டு இடுப்பை வளைத்து வணங்க ஆரம்பித்தார். வயிறு தடுத்ததால் எல்லா வணக்கமும் பாதியிலேயே நின்றது. ஏதோ கீழே விழுந்ததைத் தேடுகிறார் போலிருக்கிறது என்று பார்த்தவர்கள் தாங்களும் குனிந்து தேடினார்கள்.

எதிராளி சாதாரண ஆள் இல்லை. சென்னைப் பக்கம் இருக்கும் ஒரு கொரியக் கார் உதிரிபாகக் கம்பெனியின் கொள்முதல் டைரக்டர் ஹான். கண்காட்சி ஒன்றில் உக்கிரபாண்டி அவரைப் பிடித்துக்கொண்டு, “யூ லைக் வாட் சார்?” என்று விடாமல் கேட்டார். தப்பிக்க வழியில்லாமல் ஹான் “கேம்” என்று சொல்லி, விசிட்டிங் கார்டின் பின்னால் ஓர் ஐடியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

“கொரியாவுல பிசினஸ் அம்புட்டும் கேம்லதான் முடியும்” என்று உக்கிரபாண்டி அறிவித்தார். நான்கு நாள் இருந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஹானின் ஆர்டர் வந்தால் இரண்டாவது யூனிட் ஓடும். வராவிட்டால் அதை இழுத்துப் பூட்டி வாழைக்காய் மண்டிக்கு வாடகைக்கு விட்டுவிடுவதாகச் சேர்மன் சொல்லியிருந்தார். இரண்டாவது யூனிட்டின் தரப் பரிசோதகன் ஜெயபாண்டி. வாழைக்காய் மண்டிக்கு யாரும் தரப் பரிசோதகன் வைத்துக்கொள்வதில்லை. பள்ளிக்கூட நாட்களில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரிலேயே கிடந்தவன் என்ற தகுதியில், ஹானோடு ஆடும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்தது.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. அவரைச் சுடாத” என்றார் சேர்மன்.

“சுடுற ஆட்டம் சேர்மன் இது.”

“பெரிய மனுசன் எதிர்ல வரும்போது பீரங்கிய நீட்டிக்கிட்டு நிப்பியா? ஓரமா ஒதுங்கி, குழாயக் கீழ எறக்கிட்டு நில்லு.”

ஜெயபாண்டி மறுநாள் அப்படியே நின்றான். சிவப்பு டாங்கி அவனைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தது. பின் நிதானமாகச் சுட்டது. அரட்டைக் கட்டத்தில் வரி முழுக்க நிரம்பி அடுத்த வரிக்கும் வழிந்தது:

zzzzzzzzzzzzzzzzzzzz

“ஆழ்ந்த தூக்கம்” என்றார் சேர்மன். “நேத்து பரவால்ல. இன்னைக்குக் கோமா.”

வேலை முடிந்து களைப்பாக இருப்பார், அதனால்தான் தூங்குகிறார் என்று முடிவு செய்து, ஆட்டத்தைச் சாயங்காலத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினார். அரட்டையில் நேரம் கேட்டதும் அந்தப் பக்கம் உடனே சம்மதம் வந்தது. மதியமும் இசட்தான் வந்தது. ஜெயபாண்டிக்குத்தான் சாப்பாடு போனது.

வீட்டில் முத்துமீனா கேட்டாள். “இன்னைக்கும் தோத்தாச்சா?”

“தோத்தாச்சு. ஆனா அவரு தூங்கிட்டாரு.”

“ஊருல ஒவ்வொருத்தன் பொழப்புக்காக ஜெயிக்கப் பாடுபடுறான். நீங்க ஒருத்தர்தான் தோக்குறதுக்குச் சம்பளம் வாங்குறீங்க. அதையாச்சும் உருப்படியாத் தோக்கத் தெரியுதா?”

மறுநாள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது கணக்குப் பிரிவு ஹம்சவேணி ஒரு கையெழுத்துக்காக உள்ளே வந்தாள். கொரியத் தொடர்களை மொழிபெயர்ப்பு இல்லாமல் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டவள் அவள். திரையைப் பார்த்ததும் கையிலிருந்த காகிதத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

“என்னம்மா?” என்றார் சேர்மன்.

“இது தூக்கம் இல்ல சார். சிரிப்பு.”

“இசட்டு எப்படிச் சிரிக்கும்?”

ஹம்சவேணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அவங்க கீபோர்டுல ஒவ்வொரு கட்டைக்கும் ரெண்டு எழுத்து. ஒண்ணு இங்கிலீஷ், ஒண்ணு கொரியா. நடுவுல மாத்துறதுக்கு ஒரு கட்டை இருக்கு. இசட் இருக்கிற கட்டைல அவங்களுக்கு ‘க்’ மாதிரி ஒரு எழுத்து. சிரிப்பு வந்தா அந்த ஒத்தைக் கட்டையவே தட்டுவாங்க. க்க்க்க்க்னு வரும். ஆட்டத்துக்கு நடுவுல முழுசா வார்த்தை அடிக்க நேரம் ஏது? சுட்டுருவான்ல? அதான் எல்லாத்துக்கும் மொத எழுத்து மட்டும்.”

“சரி, இசட்டு எங்கிட்டிருந்து வந்துச்சு?”

“அவசரத்துல கொரியாவுக்கு மாத்த மறந்துட்டுத் தட்டுனா இங்கிலீஷ்ல இசட்டு விழுகும். அவங்க ஆளுக அதைப் பாத்தாலும் சிரிப்புன்னே படிச்சுக்கிடுவாங்க. அங்க பாருங்க, ‘ஆர் ஆர்’னு வந்திருக்கு. அது ‘கோ, கோ’. வா, போவோம்னு அர்த்தம். தப்பா விழுந்ததையே பழகிப் பழகி, இப்ப அதுவும் ஒரு பாஷை ஆயிருச்சு. நாங்களே எங்க வீட்டு சௌராஷ்ட்ரா பாஷைய வாட்ஸப்புல இங்கிலீஷ் எழுத்துலதான அடிச்சுக்கிறோம்? வெளியாளு பாத்தா ஏதோ பூனை கீபோர்டுல நடந்த மாதிரிதான் இருக்கும்.”

ஜெயபாண்டிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. தூங்கவில்லை, சிரிக்கிறார். நல்லதுதானே?

“யாரைப் பாத்துச் சிரிச்சாரு?” என்றார் சேர்மன் மெதுவாக.

பாரம் மறுபடி ஏறியது.

“இத்தனை நாளா என் கம்பெனியப் பாத்து ஒரு மனுசன் பக்கம் பக்கமாச் சிரிச்சிருக்காரு. நீ அதுக்குத் தலைய ஆட்டிக்கிட்டுக் குண்டு வாங்கியிருக்க!”

“நீங்கதான் சேர்மன் ஒதுங்கி நிக்கச் சொன்னீங்க...”

“ஒதுங்கி நிக்கச் சொன்னேன். கோமாளி மாதிரி நிக்கவா சொன்னேன்? இனிமே அவரு பாஷைலயே பதில் போகணும். நாமளும் லேசுப்பட்ட ஆளு இல்லன்னு தெரியணும். ஏம்மா, நீ சொல்லிக் குடு. ஆனா அந்தச் சிரிப்பு மட்டும் நம்ம பக்கமிருந்து போகக் கூடாது. ஆர்டர் குடுக்கப்போறவரைப் பாத்து நாம சிரிக்கக் கூடாது.”

ஹம்சவேணி தன் வீட்டுப் பாஷையில் எதையோ முனகினாள். அது சேர்மனுக்குப் புரியாதது அவளுடைய பாக்கியம். கம்ப்யூட்டரில் கொரிய எழுத்தை ஏற்றிவிட்டு, கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒவ்வொரு பொட்டிலும் பேனாவால் ஒரு கொரிய எழுத்தை எழுதி ஜெயபாண்டியின் கீபோர்டில் ஒட்டினாள். கீபோர்டு கல்யாணத்துக்குக் கிளம்பியது போல ஆனது. ‘நல்லா ஆடினீங்க’ என்பதற்கு இரண்டு பொட்டு, ‘மன்னிக்கணும்’ என்பதற்கு இரண்டு பொட்டு, ‘ஆமாம்’ என்பதற்கு ஒரே பொட்டை இரண்டு தட்டு.

ஜெயபாண்டி நல்ல மாணவன். அடுத்த நாளே, குண்டு வாங்கிச் செத்த கையோடு, கொரிய எழுத்தில் சரசரவென்று ‘நல்லா ஆடினீங்க’ என்று அடித்தான். ‘மன்னிக்கணும்’ என்றும் சேர்த்து அடித்தான்.

சிவப்பு டாங்கி அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்தப் பக்கமிருந்தும் கொரிய எழுத்திலேயே வந்தது:

ㅠㅠ

“ரெண்டும் ரெண்டு கண்ணு. கீழ தொங்குறது கண்ணீரு” என்றாள் ஹம்சவேணி. “அழுகுறாரு.”

“யாரு ஜெயிச்சது?”

“அவருதான் சார்.”

“ஜெயிச்சவன் எதுக்குய்யா அழுவான்?”

அன்றிலிருந்து சிரிப்பு நின்றுபோனது. ஆட்டம் தொடங்கினால் கண்ணீர், நடுவில் கண்ணீர், முடிந்தால் ஒரு வரி முழுக்கக் கண்ணீர். ஜெயபாண்டி இன்னும் பணிவாகத் தோற்றான். குண்டு வரும் திசைக்குத் தானே போய் நின்று வாங்கிக்கொண்டான். அந்தப் பக்கம் அழுகை கூடியது. அவனுக்கு ராத்திரியில் கண்ணை மூடினால் இமைக்குள் அந்த எழுத்து தெரிந்தது.

“அதெல்லாம் சும்மா சார். ‘ஐயோ’ங்கிறதுக்குக்கூட அப்படிப் போடுவாங்க” என்று ஹம்சவேணி சொல்லிப் பார்த்தாள்.

“நாலு நாள் கொரியாவுல இருந்தவன் நான். அங்க ஒருத்தனும் அழுது பாக்கல” என்றார் சேர்மன். “இது சாவு. அவரு குடும்பத்துல ஏதோ பெரிய தலை சாஞ்சிருச்சு. பாவம், வாய் விட்டுச் சொல்ல ஆளில்லாம இங்க வந்து அழுகுறாரு.”

அன்று மாலையே மின்னஞ்சல் வந்தது: வெள்ளிக்கிழமை ஹான் நேரில் வந்து இரண்டாவது யூனிட்டைப் பார்வையிடுவார்.

சேர்மன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “துக்கத்துல இருக்கிற மனுசன் நம்ம வாசலுக்கு வாராரு. ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் இல்லாம வரவேத்தா மதுரைக்காரன்னு வெளிய சொல்லிக்க முடியுமா? பன்னெண்டடிக்கு வைக்கச் சொல்லு.”

“செத்தது யாருன்னே தெரியாதே சேர்மன்.”

“துக்கத்துல பங்கெடுக்குறதுக்கு ஆளு தெரியணுமா என்ன?”

ஆரப்பாளையத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த காளையும் ஜெயபாண்டியிடம் அதையேதான் கேட்டான்.

“செத்தது யாருண்ணே?”

“தெரியல.”

“என்னைக்கிச் செத்தாரு?”

“தெரியல.”

“அழுகுறது யாரு?”

“அவரு பேரு ஹான். கொரியாக்காரர்.”

“அம்புட்டுத்தானே, விடுங்க. நாள் ஒண்ணுக்கு இருபது சாவு பாக்குறேன். அழுகுறவரு போட்டோவாச்சும் குடுத்துட்டுப் போங்க.”

கண்காட்சியில் எடுத்த படத்தை ஜெயபாண்டி அனுப்பினான். “ஓரமாச் சின்னதாப் போடு மாப்ள” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

வெள்ளிக்கிழமை காலை பட்டறை வாசலில் பன்னிரண்டடிக்கு ஃபிளெக்ஸ் நின்றது. நட்ட நடுவில், பூ வளையத்துக்குள், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, ஹான் சிரித்துக்கொண்டிருந்தார். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘மறைவு’ என்று போட்டு அன்றைய தேதி. வாட்ச்மேன் தன் பங்குக்கு ஒரு ரோஜா மாலையும் மாட்டியிருந்தார்.

ஜெயபாண்டி உடனே காளைக்குப் போன் போட்டான்.

“ஓரமாப் போடச் சொன்னேனேடா!”

“ஓரத்துல ஏதுண்ணே இடம்? உங்க மொதலாளி கும்பிடுற மாதிரி ஒண்ணு, போன் பேசுற மாதிரி ஒண்ணு, கொரியாவுல கோட்டு போட்டு நிக்கிற மாதிரி ரெண்டுன்னு போன்லயே சொல்லிட்டாரு. நாலு மூலையும் அவருக்குப் போயிருச்சு. நடுவுலதான் காலியாக் கெடந்துச்சு.”

“மறைவுக்குத் தேதி யாரு போடச் சொன்னது?”

“தேதி இல்லாம விட்டா மொட்டையா இருக்கும்னு, ஒட்டுற தேதியவே போட்டுட்டேன். தப்பா?”

“அந்த ஆளு இன்னும் பத்து நிமிசத்துல உசுரோட வாராருடா!”

“அப்ப மாலையக் கழட்டிருங்கண்ணே” என்று யோசனை சொன்னான் காளை.

மாலையைக் கழற்ற ஏணி வேண்டும். ஏணி முதல் யூனிட்டில் இருந்தது. முதல் யூனிட் சாவி சேர்மனிடம் இருந்தது. சேர்மன் உள்ளே கண்ணாடி முன்னால் நின்று சோகமாக வளையப் பழகிக்கொண்டிருந்தார். ஜெயபாண்டி ஸ்டோர் ரூமுக்கு ஓடி, ஆயுத பூஜைக்குக் கட்டிய ‘வருக! வருக!’ துணியை இழுத்துக்கொண்டு வந்தான். மதில் மேல் ஏறி, ‘கண்ணீர் அஞ்சலி’யின் மேல் அதைக் கட்டினான். கீழே இருந்த ‘மறைவு’ வரை துணி எட்டவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கார் வந்து நின்றது.

ஹான் இறங்கினார். அண்ணாந்து பார்த்தார். வேட்டியை மடித்துக்கட்டிய சுவர்ப் பல்லி போல ஜெயபாண்டி மதிலோடு ஒட்டிக்கொண்டான்.

“மீ?” என்றார் ஹான், நெஞ்சில் கைவைத்து.

“யெஸ் சார்” என்றான் ஜெயபாண்டி மேலிருந்து. “யூ சார்.”

ஹானின் முகம் மலர்ந்தது. இதுவரை போன எந்தக் கம்பெனியிலும் அவருக்கு விளக்கேற்றிப் படம் வைத்ததில்லை. தன் அஞ்சலிக்கு முன்னால் தானே ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு, அதோடு சேர்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து வந்த சேர்மன் இதைப் பார்த்து, இறந்தவர் மேல் எவ்வளவு பாசம் என்று உருகி, தானும் பாதி வளைந்தார்.

எல்லோரும் உள்ளே போனார்கள். கார் டிரைவர் மட்டும் நின்றான். ஒல்லியான ஆள். ஃபிளெக்ஸை மேலிருந்து கீழ்வரை படித்தான். கடைசி வரியில் அவன் பார்வை நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி ஜெயபாண்டியைப் பார்த்தான்.

தமிழ் தெரிந்தவன்.

பார்வையிடல் முழுக்க ஜெயபாண்டியின் காதில் ஒன்றும் விழவில்லை. ஹான் வளையங்களை எடுத்து அளந்தார், இழுத்துப் பார்த்தார், எண்ணெயில் போட்டுப் பார்த்தார். ஜெயபாண்டியோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் உள்ளே வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டாவது யூனிட் முழுக்க வாழைத்தார் தொங்குவது அவன் கண்ணுக்குத் தெரிந்தது.

“குட்” என்றார் ஹான். “நெக்ஸ்ட் மந்த், ஸ்டார்ட்.”

சேர்மன் ஜெயபாண்டியின் சட்டையைப் பிடித்து முன்னால் தள்ளினார். “சார்! கேம்! திஸ் மேன்! டெய்லி யூ, திஸ் மேன்!”

ஹானின் சிரிப்பு பாதியில் நின்றது. கழுத்து சிவந்தது. “ஆ... கேம். யெஸ், யெஸ். வெரி குட் கேம்” என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, டாய்லெட் எங்கே என்று கேட்டுப் போய்விட்டார்.

“பாத்தியா, பேச்சே வரல. பாசம்!” என்றார் சேர்மன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரப்பரு எவன் வேணாலும் செய்வான்யா. ஆர்டர் கேம்ல வந்தது. இன்னையிலருந்து நீ கொரியா உறவு மேனேஜர். ஒரு நாள்கூட விடாம ஆடணும். ஆட்டம் நின்னுச்சுன்னா ஆர்டர் நிக்கும், ஆர்டர் நின்னா யூனிட் நிக்கும், சொல்லிட்டேன்.”

ஜெயபாண்டி வெளியே வந்தான். கார் நிழலில் டிரைவர் காத்திருந்தான்.

“அண்ணே, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்க.”

வந்துவிட்டது. ஜெயபாண்டி முந்திக்கொண்டான். “தம்பி, அது ஃபிளெக்ஸ் கடைக்காரன் செஞ்ச தப்பு...”

“அட, அதை விடுங்கண்ணே. நான் எழுமலைக்காரன், தமிழ்மாறன். எங்க ஊர்லயும் இப்படித்தான் அடிப்பாய்ங்க. நான் மூச்சு விடமாட்டேன்.” டிரைவர் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பதிலுக்கு நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளாத் தெரியுறீங்க. தூங்கி பல நாளாச்சுண்ணே.”

“என்னப்பா, சொல்லு.”

“எங்க டைரக்டருக்கு கேமெல்லாம் ஆடத் தெரியாது. ஹெட் ஆபீஸ்ல எல்லாரும் ஆடுறாங்கன்னு கவுரவத்துக்கு ஒரு ஐடி வச்சிருக்காரு. வண்டில சும்மா உக்காந்திருக்கிறவன்தானேன்னு லேப்டாப்ப என்கிட்டக் குடுத்து, சிரிப்புக்கு ஒரு கட்டை, அழுகைக்கு ஒரு கட்டை, ‘போவோம்’ங்கிறதுக்கு ஒரு கட்டை, கொரியாவுக்கு மாத்த ஒரு கட்டைன்னு சொல்லிக் குடுத்துட்டாரு. நானும் ஜாலியாத்தான் ஆடிக்கிட்டிருந்தேன்.”

“ம்.”

“இப்பத் தெனம் மத்தியானம் ஹெட் ஆபீஸ்லருந்து எவனோ ஒரு நெசக் கொரியாக்காரன் வந்து, வேணும்னே குண்டு வாங்கிச் செத்துச் செத்து என்னைய வேவு பாக்குறாண்ணே, நானும் கண்டுபிடிச்சிறாதடா சாமின்னு அழுது அழுது காட்டுறேன், எந்திரிச்சுப் போக மாட்டேங்கிறான்!”